வேர்ல்ட் வார் இசட்: கடைசி அரை மணி நேரம் மட்டும் ஏன் வேற படம் மாதிரி இருக்கு?

மாடிவீட்டு மணி:

நேத்து நைட்டு மச்சான் வந்திருந்தான், சரி ஏதாவது போடுவோம்னு வேர்ல்ட் வார் இசட் போட்டோம். 2013ல வந்தப்ப தியேட்டர்ல மிஸ் பண்ண படம். நாவலை மட்டும் லாக்டவுன்ல படிச்சிட்டேன், மாக்ஸ் ப்ரூக்ஸ் எழுதினது, உலகம் பூரா ஜாம்பி யுத்தம் முடிஞ்சப்புறம் ஒருத்தர் ஊர் ஊரா போய் உயிரோட இருக்கறவங்ககிட்ட பேட்டி எடுக்குற மாதிரி இருக்கும். படத்துல அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பிராட் பிட் குடும்பத்தை கப்பல்ல விட்டுட்டு கொரியா போறாரு, ஜெருசலேம் போறாரு, அவ்ளோதான். அது கூட பரவால்ல.

என் டவுட்டு வேற. ஜெருசலேம் வரைக்கும் ஹெலிகாப்டர் என்ன, சுவரு மேல எறும்பு மாதிரி ஏறுற கூட்டம் என்ன, பணத்தைத் தண்ணியா விட்டிருக்காங்க. அப்புறம் ஃபிளைட் விழுது, வேல்ஸ்ல ஒரு லேப், அதுல ஒரு வராண்டா, பத்து பன்னெண்டு ஜாம்பி, இவரு மெதுவா நடந்து போய் ஒரு ரூமுக்குள்ள நோய்க்கிருமி ஊசி போட்டுக்குறாரு, வெளிய வந்து பெப்சி குடிக்கிறாரு, படம் முடிஞ்சுது. மச்சான் "டேய் இது நம்ம ஜி.எச் பழைய வார்டுல எடுத்த மாதிரி இருக்குடா"ன்னு சிரிக்கிறான். கிட்டத்தட்ட 190 மில்லியன் டாலர் செலவுன்னு போட்டிருக்கான். கடைசில காசு தீந்து போச்சா? இல்ல டைரக்டர் பாதியில ஓடிட்டாரா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

ரீல்சுத்தி:

ப்ரோ, நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிர். பெரிய கிளைமாக்ஸை எடுத்தே முடிச்சாங்க, எடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டு தான் இந்தச் சின்ன கிளைமாக்ஸை எடுத்தாங்க. நீங்க பாத்த வராண்டா காசு இல்லாம எடுத்தது இல்ல, ஏற்கனவே செலவு பண்ண காசுக்கு மேல இன்னொரு தடவை செலவு பண்ணி எடுத்தது.

ஒரிஜினலா எழுதி எடுத்த கதை என்னன்னா, அந்த ஃபிளைட் விழவே விழாது, நேரா மாஸ்கோவுல இறங்கும். அங்க பிராட் பிட்டை ரஷ்யா பட்டாளத்துல பிடிச்சுப் போட்டுருவாங்க, குளிர்காலத்துல ஜாம்பிங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாரு, செஞ்சதுக்கத்துல பெரிய யுத்தம், அதுல தான் குளிர்ல ஜாம்பி மந்தமாயிடுதுன்னு கண்டுபிடிப்பாரு. அந்தப் பக்கம் பொண்டாட்டி புள்ளைங்க ஃப்ளோரிடாவுல ஒரு அகதி முகாம்ல மாட்டிக்கிட்டு, அந்தம்மா அங்க ஒரு சோல்ஜரோட தயவுல காலம் தள்ளிக்கிட்டு இருக்கும். அந்த சோல்ஜர் வேஷம் மேத்யூ ஃபாக்ஸ், லாஸ்ட் சீரியல்ல ஜாக்கா வந்தாரே அவரு. இப்ப படத்துல தேடிப் பாருங்க, ஆரம்பத்துல மொட்டை மாடில ஹெலிகாப்டர் சீன்ல இருக்காரு, கண்ணு சிமிட்டுனா போச்சு. அவரோட மீதி வேஷம் முழுக்க கத்திரிக்குப் போயிடுச்சு. கடைசில ஹீரோ ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அமெரிக்காவோட மேற்குக் கரைல, ஓரிகான்ல வந்து இறங்கி பொண்டாட்டியைத் தேடிக் கிளம்புறதோட முடியும். அதாவது ரெண்டாம் பார்ட்டுக்கு லீடு.

ஷூட்டிங் 2011 ஜூலைல ஆரம்பிச்சுது. மால்டா தான் படத்துல ஜெருசலேம், அங்க முடிச்சு ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ, ஜார்ஜ் ஸ்கொயர் சுத்தி அமெரிக்க டிராஃபிக் சிக்னல், டாக்சி எல்லாம் கொண்டு வந்து நிறுத்தி அதை பிலடெல்பியாவா மாத்துனாங்க. அப்புறம் அக்டோபர்ல புடாபெஸ்ட். அங்க தான் மாஸ்கோ யுத்தம் எடுக்கணும். யுத்தம்னா துப்பாக்கி வேணும்ல, 85 துப்பாக்கி ஃபிளைட்ல வந்து இறங்குது, ஹங்கேரியோட தீவிரவாத எதிர்ப்புப் படை வந்து அத்தனையையும் அள்ளிக்கிட்டு போயிட்டான். இது சுடாத துப்பாக்கின்னு பேப்பர்ல இருக்கு, ஆனா அடைச்சதை ஈசியா எடுத்துட்டு நிஜமாவே சுடலாம்னு அவன் வாதம். கேஸ் அடுத்த வருஷம் தள்ளுபடி ஆச்சுன்னு வைங்க.

எடிட் டேபிள்ல டைரக்டர் மார்க் ஃபார்ஸ்டரோட கட் போட்டுப் பாத்தப்ப தான் நிஜமான குண்டு வெடிச்சுது. ஜெருசலேம் வரைக்கும் சூப்பர், அதுக்கப்புறம் எவ்ளோ கும்பல் வந்தாலும் பாக்குறவனுக்கு ஒண்ணும் உறைக்கல. ஹீரோ முதல் பாதியில புள்ளைங்களைக் காப்பாத்தத் துடிக்கிற அப்பன், கடைசில கோடாலியைத் தூக்கிக்கிட்டு வெட்டுறவன், ரெண்டும் ஒரே ஆளுன்னு நம்ப முடியல. ஸ்டுடியோக்காரங்களே முடிவு வேலைக்காகலைன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க.

அப்ப தான் டேமன் லிண்டலாஃபைக் கூப்பிட்டாங்க, லாஸ்ட் எழுதினவரு. அவரு படத்தைப் பாத்துட்டு ரெண்டு வழி சொன்னாரு: ஒண்ணு, இருக்குற மாஸ்கோ போர்ஷன் நடுநடுவுல சின்னச் சின்ன சீன் சொருகி ஒப்பேத்தலாம். ரெண்டு, ஜெருசலேமை விட்டு ஃபிளைட் கிளம்புனதுக்கு அப்புறம் இருக்கறதை மொத்தமாத் தூக்கிட்டு புதுசா எழுதி எடுக்கலாம். யாரும் ரெண்டாவதுக்கு தலையாட்ட மாட்டாங்கன்னு நினைச்சுத் தான் சொல்லியிருக்காரு. அவங்க ரெண்டாவதைத் தான் எடுத்தாங்க! அவருக்கு எழுதி முடிக்க டைம் இல்லைன்னு கூட இன்னொரு ரைட்டர் ட்ரூ காடார்டைச் சேத்துக்கிட்டாரு. 2012 டிசம்பர்ல வர வேண்டிய படம் 2013 ஜூனுக்குப் போச்சு. நம்ம ஊர் பாஷையில சொன்னா பேட்ச் ஒர்க், ஆனா துணியை விட பேட்ச் பெருசு.

அந்த ஃபிளைட்டையே பாருங்க. பெலாரஸ் நாட்டு விமானம். அதை ஏன் வேல்ஸுக்குத் திருப்பணும்? ஹீரோ போன் போட்டு வழியை மாத்துறாரு, கையெறி குண்டு போடுறாரு, விழுது. கதையை ஒட்டுன இடம் அது தான், ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் தையல் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.

குசும்பு கோவாலு:

190 மில்லியன் செலவு பண்ணவன் கடைசி சீனுக்கு பெப்சி மெஷினை வெச்சு கொஞ்சம் தேத்திக்கிட்டான் போல. டின்னை உருட்டி விட்டு ஜாம்பிய திசை திருப்புறதுக்கு முன்னாடி ஒண்ணை ஒடைச்சு ஆற அமர குடிப்பாரு பாரு, எங்க தியேட்டர்ல விசில் பறந்துச்சு.

வவுச்சர் வரதன்:

தம்பி ரீல்சுத்தி நல்லாச் சொன்னீங்க, ஆனா மால்டா மேட்டரை விட்டுட்டீங்களே. அது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஏன்னா அந்தப் பாவத்தை நானும் பண்ணியிருக்கேன்.

மால்டாவுல ஷூட்டிங் முடிச்சு யூனிட் மூட்டை கட்டிக் கிளம்பியாச்சு. ஸ்டுடியோவுல எல்லாரும் அப்பாடா பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சுதுன்னு உக்காந்திருக்காங்க. அப்புறம் ஆபீசைக் காலி பண்றப்ப ஒரு மேஜை டிராயருக்குள்ள ஒரு கத்தை பர்ச்சேஸ் ஆர்டர், யாரும் கணக்குல ஏத்தாம அப்படியே கிடந்திருக்கு. கூட்டிப் பாத்தா மில்லியன் கணக்குல போகுது. முதல்ல 125 மில்லியன்னு போட்ட படம் 190 கிட்ட போய் நின்னதுல இந்த டிராயருக்கும் ஒரு பங்கு உண்டு.

வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது நம்ப முடியாத கூத்தாத் தெரியும். எனக்குத் தெரியல. பத்துப் பதினோரு வருசம் முன்னாடி ஒரு சரித்திரப் படத்துல நான் புரொடக்ஷன் அசிஸ்டெண்ட், படம் பேரு கம்பெனி பேரு வேணாம். மலைக்கோட்டைப் பக்கம் அவுட்டோர், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் மட்டும் நானூறு பேரு. காலைல நாலு மணிக்கு மேக்கப் ஆரம்பிப்பாங்க, பதினோரு மணி வெயிலுக்கு ஒட்டு தாடி எல்லாம் வேர்வையில கழண்டு தொங்கும், சிப்பாய் வேஷம் போட்டவன் ஒரு கையில வேலும் ஒரு கையில தாடியுமா நிப்பான், அதுக்கு ஒட்டுற பசை ரெண்டு நாள்ல தீந்து மறுபடி மெட்ராசுல இருந்து பஸ்ல போட்டு விடச் சொன்னோம். சாயந்தரம் பேக்கப் சொன்னதும் என்னைச் சுத்தி ஒரு கூட்டம். ஜெனரேட்டர் வண்டிக்காரன், குதிரைக்காரன், சாப்பாடு கான்ட்ராக்ட், பந்தல் போட்டவன், ஏஜெண்டு, எல்லாரும் ஒரு துண்டுச்சீட்டை நீட்டுவாங்க, நான் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியை காலி பிஸ்கட் டப்பாவுல போடுவேன். மேனேஜர் கிட்டக் கொண்டு போனா "நாளைக்குப் பாப்போம்டா, நாளைக்கு ஷாட்டுக்கு யானை வருதா அதைப் பாரு"ம்பாரு. நாளைக்கும் அதே பதில் தான்.

கடைசி நாள் அந்த டப்பா மேக்கப் வேன்ல ஏறி விக் பெட்டிக்கு அடியில ஊருக்குப் போயிடுச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு எவனோ விக் எடுக்கத் திறந்தப்ப கிடைச்சுது. பதினோரு லட்சம். புரொட்யூசர் திட்டல, அது தான் பயமா இருந்துச்சு, ஒவ்வொரு சீட்டா எடுத்து வாசிச்சாரு. அதுல ஒண்ணு "வைக்கோல் 40 கட்டு, குதிரைக்கும் செட்டுக்கும்"னு இருந்துச்சு. "குதிரைக்கு எத்தனை, செட்டுக்கு எத்தனை?"ன்னு கேட்டாரு. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மால்டாவுல டிராயருக்குள்ள போட்டவனும் திருடன் இல்லைன்னு தான் நினைக்கிறேன். நாளைக்கு என்ன எடுக்கப் போறோம்னே உறுதியில்லாத யூனிட்ல எவனும் நேத்துக் கணக்கைப் பாக்க மாட்டான்.

பேப்பர்பேக் பாமா:

எல்லாரும் ஷூட்டிங்ல இருந்தே ஆரம்பிக்கிறீங்க. கோளாறு 2006லயே ஆரம்பிச்சாச்சு. நாவல் வந்த வருஷமே உரிமைக்கு ஏலப் போட்டி, ஒரு பக்கம் பிராட் பிட்டோட பிளான் பி கம்பெனி, இன்னொரு பக்கம் டிகாப்ரியோவோட கம்பெனி, பிட் பக்கம் ஜெயிச்சுது. சரி, வாங்குனவங்க என்னத்தை வாங்குனாங்கன்னு யோசிச்சாங்களா? அந்த நாவல்ல ஹீரோவே கிடையாது. சீனாவுல ஒரு கிராமத்துக்குப் போற டாக்டர், ஜப்பான்ல கண்ணு தெரியாத தோட்டக்காரர், விண்வெளில மாட்டிக்கிட்டவர், நீர்மூழ்கிக் கப்பல்ல குடும்பத்தோட ஓடிப் போறவங்க. நம்ம குஜராத்ல ஆலங்ல கப்பல் உடைக்கிற யார்டு இருக்குல்ல, அங்க கரைல நிக்கிற ஓட்டைக் கப்பல்ல ஏறித் தப்பிக்க ஜனங்க கடலுக்குள்ள நீந்துற அத்தியாயம் ஒண்ணு இருக்கு, நான் ராத்திரி படிச்சுட்டு லைட்டை அணைக்கல. இதுல எதுவும் படத்துல இல்ல. மாக்ஸ் ப்ரூக்ஸே தலைப்பு ஒண்ணு தான் பொதுன்னு சொல்லிட்டாரு.

ஜாம்பியே வேற. நாவல்ல அது மெதுவா நடந்து வரும், நிக்காம வரும், அதுல தான் பயமே. படத்துல ஒலிம்பிக் ஓட்டம். நாவல்ல நோய் சீனாவுல தொடங்கும், படத்துல அந்தப் பேச்சே வராம சுத்தி வளைச்சுக் கொண்டு போயிருப்பாங்க, ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அங்க டிக்கெட் விக்கணும்.

முதல் ஸ்கிரிப்ட் எழுதினது ஸ்ட்ராசின்ஸ்கி, அது 2008ல வெளிய கசிஞ்சு, படிச்சவங்க பாராட்டுனாங்க, ஏன்னா அதுல பேட்டி எடுக்குற வடிவம் உயிரோட இருந்துச்சு. அதை வெச்சுட்டு மேத்யூ மைக்கேல் கார்னஹன்கிட்ட கொடுத்து ஆக்ஷன் படமா மாத்துனாங்க. அப்புறம் லிண்டலாஃப், அப்புறம் காடார்ட். நாலு பேரு எழுதின ஒரு வீடு, ஆளுக்கொரு வாசப்படி வெச்சா திண்ணை எந்தப் பக்கம் வரும்? ரீல்சுத்தி சொல்ற "முடிவு வேலைக்காகல"ங்கிறது எடிட் டேபிள்ல கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்ல. முடிவு இல்லாத நாவலை வாங்கி, முடிவு சரியா அமையாத ஸ்கிரிப்டோட மால்டாவுக்கு ஃபிளைட் டிக்கெட் போட்டா அது தான் நடக்கும்.

ரீல்சுத்தி:

மேடம் சொல்றதுல பாதி ஒத்துக்குறேன், பாதி இல்ல. நாவலை விட்டு விலகுனது தப்புன்னா ஸ்பீல்பெர்க்கோட சுறா படம் ஜாஸ் என்ன ஆகுறது? பீட்டர் பெஞ்ச்லி நாவல்ல போலீஸ் சீஃப் பொண்டாட்டிக்கும் சுறா ஆராய்ச்சிக்காரனுக்கும் தொடர்புன்னு ஒரு பெரிய கிளைக்கதை இருக்கு, ஸ்பீல்பெர்க் அதைத் தூக்கி எறிஞ்சாரு, யாருக்கு வருத்தம்? அங்கயும் ஸ்கிரிப்டை ஷூட்டிங் நடக்க நடக்கத் தான் எழுதுனாங்க. 55 நாள்னு போன படம் 159 நாள் ஆச்சு, உப்புத் தண்ணி பட்டதும் மெஷின் சுறா மக்கர் பண்ணிடுச்சு, ஒரு நாள் நடிகருங்க இருக்கறப்பவே படகு மூழ்க ஆரம்பிச்சுது. சுறா வேலை செய்யலைங்கிறதால தான் சுறாவைக் காட்டாம எடுத்தாங்க, அதுல தான் படமே நின்னுச்சு.

அதே மாதிரி வேர்ல்ட் வார் இசட்லயும் அந்த வராண்டா தான் எனக்குப் படத்துலயே பெஸ்ட். லட்சம் ஜாம்பியைப் பாத்து மரத்துப் போன கண்ணுக்கு, லேப்ல பல்லைக் கடகடன்னு கடிச்சுக்கிட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருத்தன் நிப்பான்ல, அது பத்தாதா? படம் உலகம் பூரா 540 மில்லியன் டாலர் வசூல். ரிலீசுக்கு முன்னாடி எல்லாப் பத்திரிகையும் சங்கு ஊதியாச்சு, எங்க ஆபீஸ்ல கூட பந்தயம் கட்டி நான் ஒரு பிரியாணி தோத்தேன்.

பேப்பர்பேக் பாமா:

வசூல் ஆச்சுன்னா நல்ல படம்னா நான் என்ன சொல்றது. அப்ப ஏன் ரெண்டாம் பார்ட் வரல? டேவிட் ஃபின்ச்சரே எடுக்க ரெடியா இருந்தாரு, 2019ல மூடு விழா நடத்திட்டாங்க. 540 மில்லியன் வந்த படத்துக்கு.

மாடிவீட்டு மணி:

அடேங்கப்பா, நான் ஏதோ காசு தீந்து போச்சான்னு கேட்டேன், இவ்ளோ கதை இருக்கா. எல்லாருக்கும் நன்றி. வரதண்ணே, வைக்கோல் மேட்டரை வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். ஒரு சின்ன கேள்வி, நம்ம பொன்னியின் செல்வன் இவ்ளோ வருஷம் இழுத்ததும் இதே மாதிரி தானா?

வவுச்சர் வரதன்:

இல்ல தம்பி, அது வேற வியாதி. அங்க முடிவு எல்லாருக்கும் மனப்பாடம், கல்கி அஞ்சு பாகம் எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு, டீக்கடையில உக்காந்திருக்கறவன் வரைக்கும் தெரியும். அங்க தடங்கல் எடுக்க ஆரம்பிக்கிறதுல தான். 1958ல எம்.ஜி.ஆர் பத்தாயிரம் ரூபாய்க்கு உரிமை வாங்கி விளம்பரம் பண்ணி நடக்காமப் போச்சு, மணிரத்னமே முன்னாடி முயற்சி பண்ணி கைவிட்டாரு. கடைசில 2019 டிசம்பர்ல தாய்லாந்துல ஆரம்பிச்சா, மூணு மாசத்துல கொரோனா. ஆனா ஒண்ணு, ரெண்டு பார்ட்டையும் சேத்து எடுத்து முடிச்சாங்க, மாஸ்கோவை எடுத்துட்டு வேல்ஸுக்குப் போகல.

பேப்பர்பேக் பாமா:

சேந்தன் அமுதன் விஷயத்தைப் பத்தி நான் வாயைத் திறக்கல. கிரீடத்தை யாருக்குப் போகணுமோ அவனுக்கு வைக்காம விட்டதுக்கு தனி திரி போடலாம்.

குசும்பு கோவாலு:

போடாதீங்க மேடம், போன தடவை அட்மின் பூட்டுப் போட வேண்டியதாப் போச்சு.

மாடிவீட்டு மணி:

இப்ப தான் படத்தைத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். ஹெலிகாப்டர் சீன்ல மேத்யூ ஃபாக்ஸ் இருக்காரு, நான் பாஸ் போட்டுத் தான் கண்டுபிடிச்சேன், பாவம் மனுஷன். இன்னொண்ணு, கடைசில பிராட் பிட் குரல் ஓடறப்ப உலகம் பூரா சண்டை நடக்குற மாதிரி துண்டு துண்டா காட்டுவாங்கல்ல, அதுல ராத்திரி நேரத்துல பட்டாளத்துக்காரங்க கூட்டமா ஜாம்பிங்களோட மோதுற ஷாட் ரெண்டு வருது. நேத்து அது கண்ணுலயே படல. அது தான் அந்த மாஸ்கோவா?

ரீல்சுத்தி:

அதே தான். புடாபெஸ்ட்ல எடுத்ததுல மிஞ்சுனது அவ்ளோதான்.